ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும் வயிற்றுவலி

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலை ஒன்பதரை மணிக்கு என் கிளினிக்குக்கு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். கூடவே அம்மா, அப்பா, ஆச்சி. அம்மாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். இரண்டு வயிற்று ஸ்கேன், ரத்தம், சிறுநீர், மலம் என்று எல்லாப் பரிசோதனையும் அதில் இருந்தன. எல்லாம் நார்மல். நான்கு மாதமாக வயிற்றுவலி. பூச்சி மருந்து இரண்டு தடவை கொடுத்தாகிவிட்டது. அல்சர் மருந்தும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குடல் ஏறியிருக்கும் என்று ஆச்சி எண்ணெய் போட்டு நீவிவிட ஆள் தேடிப் போயிருக்கிறார்.

"எங்கே வலிக்குது, ஒரே விரலால தொட்டுக் காட்டு பாப்பா" என்றேன். தொப்புளைத் தொட்டாள்.

வலி தொப்புளை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு உள்ளே கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம் என்பது குழந்தை மருத்துவத்தில் எங்களுக்குச் சொல்லித்தரும் பழைய பாடம். தொப்புளிலேயே கை வைக்கிற பிள்ளையிடம் நான் அடுத்துக் கேட்பது கிழமையைத்தான். "எந்தக் கிழமை வரும்?" என்றேன். அப்படியெல்லாம் இல்லை, எப்போது வேண்டுமானாலும் வரும் என்றார் அம்மா. ஆச்சிதான் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வெளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரம்பிச்சிரும் டாக்டரம்மா. சனிக்கிழமை நல்லாத்தான் இருப்பா."

பையைத் திறக்கச் சொன்னேன். டைரியில் விடுமுறை வீட்டுப்பாடம் என்று அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது. ஆங்கிலக் கையெழுத்து 20 பக்கம், தமிழ்க் கையெழுத்து 20 பக்கம். வாய்ப்பாடு 2 முதல் 15 வரை ஐந்து ஐந்து முறை. படித்த பாடங்களின் கேள்வி பதில் மூன்று முறை. போக்குவரத்து பற்றி ஒரு சார்ட். பத்து நாள் விடுமுறைக்கு இவ்வளவு.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பக்கத்துக்குக் கால் மணி நேரம் என்றால் 40 பக்கத்துக்கு 10 மணி நேரம். பதினான்கு வாய்ப்பாடு ஐந்து முறை என்றால் 70 வாய்ப்பாடு, 700 வரி. ஒன்றுக்கு நான்கு நிமிடம் வைத்தாலும் நாலரை மணி நேரத்துக்கு மேல். கேள்வி பதிலையும் சார்ட்டையும் சேர்க்காமலே பதினாலரை மணி நேரம். எட்டு வயதுப் பிள்ளைக்கு! வலது கை நடுவிரலின் முதல் கணுவில் பென்சில் அழுத்தி அழுத்திச் சிவந்து தடித்திருந்தது. நான்கு மாதமாக எத்தனையோ பேர் இவள் வயிற்றை அமுக்கிப் பார்த்திருக்கிறார்கள், விரலை யாரும் பார்க்கவில்லை.

அந்த வாரத்தில் இப்படி வந்தவர்களில் இவள் நான்காவது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. அந்த வலி உண்மையான வலி. "நடிக்கிறா டாக்டர், ரெண்டு போடு போட்டா சரியாயிடும்" என்று என் முன்னாலேயே சொன்ன அப்பாக்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். பரீட்சைக்கு முன் உங்களுக்கு வயிறு கலக்கியதே, அது நடிப்பா?

அதே சமயம், எல்லா வயிற்றுவலியையும் வீட்டுப்பாடத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, வலது பக்கம் அடிவயிற்றுக்கு நகர்கிற வலி, காய்ச்சல், பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், எடை குறைவது, வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதது, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். இதில் ஒன்று இருந்தாலும் கிழமை பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள். கடையில் கேட்டு மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சரி, எனக்கு மிகவும் எரிச்சல் தருகிற விஷயத்துக்கு வருகிறேன். "லீவுல எழுதலைன்னா எல்லாம் மறந்துடும் டாக்டர்." பெற்றோரும் சொல்கிறார்கள், ஆசிரியர்களும் சொல்கிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரே பதிலை மூன்று முறை எழுத வேண்டிய இடத்தில் அவள் வரி வரியாக எழுதவில்லை. முதல் சொல்லை மூன்று இடத்தில் மேலிருந்து கீழே எழுதியிருக்கிறாள், அப்புறம் இரண்டாவது சொல்லை மூன்று இடத்தில், அப்புறம் மூன்றாவது. வாய்ப்பாடும் அப்படியே. 7, 7, 7 என்று பத்து வரிக்கும் இறக்கிவிட்டு, பெருக்கல் குறியைப் பத்து வரிக்கும் போட்டுவிட்டு, கடைசியில் விடையைப் புத்தகத்தைப் பார்த்து ஒட்டியிருக்கிறாள். "ஏழாறு எவ்வளவு?" என்று கேட்டேன். தெரியவில்லை. அந்த ஏழாம் வாய்ப்பாட்டை விடுமுறையில் ஐந்து முறை எழுதிய பிள்ளை அவள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். எழுபது வாய்ப்பாடு எழுதச் சொன்னால் நானும் அப்படித்தான் எழுதுவேன். பார்த்து எழுதுவது வேறு, நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது வேறு. மனதில் தங்குவது இரண்டாவதுதான். கொஞ்ச நாள் இடைவெளி விட்டு, கொஞ்சம் மறந்த பிறகு, தட்டுத்தடுமாறி மறுபடி நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் அது ஆழமாகப் பதிகிறது. பள்ளி திறந்த முதல் நாள் பிள்ளை தடுமாறினால் பதறாதீர்கள். அந்தத் தடுமாற்றமும் படிப்புதான். இரண்டு மாதக் கோடை விடுமுறையில் கணக்கு கொஞ்சம் துருப்பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதைத் தேய்த்தெடுக்க ஜூனில் வகுப்பிலேயே சில நாள் திருப்பிப் பார்த்தால் போதும். பத்து நாள் விடுமுறைக்கு அதுகூடத் தேவையில்லை.

அப்புறம் தூக்கம். பகலில் கற்றது இரவுத் தூக்கத்தில்தான் உறைகிறது. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். வாரம் முழுக்கக் காலை வேனுக்காக ஐந்தரைக்கு எழுப்பப்படுகிற பிள்ளை, அந்தக் கடனை அடைப்பது சனி ஞாயிறில்தான். மறந்துவிடக் கூடாது என்று ஞாயிறு இரவு பத்தரை வரை உட்கார்த்தி எழுத வைப்பவர்கள், மறக்காமல் இருக்க எது வேண்டுமோ அதையே பிடுங்குகிறார்கள்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஹாரிஸ் கூப்பர் வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2006இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அவர் வீட்டுப்பாடத்துக்கு எதிரி இல்லை. பெரிய வகுப்புகளில் பலன் உண்டு என்று சொல்பவர்தான். சிறு வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு மிகவும் சொற்பம் என்பது அவரும் சொன்னதுதான்.

நம் ஊரில் விதியே இருக்கிறது. 1989இல் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் தன் முதல் பேச்சிலேயே பிள்ளைகளின் புத்தகச் சுமையைப் பற்றித்தான் பேசினார். அதன் தொடர்ச்சியாக விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் அமைந்த குழு 1993இல் அறிக்கை கொடுத்தது. தொடக்க வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே வேண்டாம், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் கவனித்து அறிகிற வேலை மட்டும் இருக்கலாம் என்றது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டார். ஒன்றிய அரசின் 2020 புத்தகப்பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்கிறது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம், ஆறு முதல் எட்டு வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து 2 மணி நேரம். அந்தப் பெண்ணுக்கு இந்த அளவுப்படி பத்து நாளைக்குச் சுமார் 3 மணி நேரம் வரும். கொடுத்திருப்பது ஏறக்குறைய ஐந்து மடங்கு.

எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. "கையெழுத்து கோணலா இருக்கு, கைக்குத் தெம்பு வர டானிக் எழுதிக் கொடுங்க" என்று வருகிறார்கள். மணிக்கட்டில் எட்டுக் குட்டி எலும்புகள். நாலு வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அதில் பாதியளவுதான் தெரியும், மீதி இன்னும் குருத்தெலும்பு. அதற்கு டானிக் கிடையாது. மண்ணில் விளையாடட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும், பட்டாணி உரிக்கட்டும். நான்கு கோடு நோட்டு காத்திருக்கும்.

கண்ணும் இதில் சேர்ந்திருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விளையாட விட்டு மூன்று ஆண்டு கவனித்தார்கள். கிட்டப்பார்வை புதிதாக வந்தது 100க்குச் சுமார் 30 பேருக்கு. வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் சுமார் 40 பேருக்கு. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, பகல் வெளிச்சம்தான். நம் பிள்ளைகளுக்கு அந்த வெளிச்சம் கிடைக்கிற நாள் சனி, ஞாயிறு, விடுமுறை. அதையும் அறைக்குள் அடைத்துவிட்டால் அப்புறம் எந்த நாள் இருக்கிறது?

"ஹோம்வொர்க் இல்லைன்னா போனைத்தானே நோண்டிக்கிட்டு இருக்கும்?" என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். நியாயமான கவலை, நானும் தினம் பார்க்கிறேன். ஆனால் போனைக் கையில் கொடுத்தது யார், வாங்கி வைக்க வேண்டியது யார்? அந்த வேலையைப் பள்ளிக்கூடத்தின் தலையில் கட்டாதீர்கள். அதோடு, இப்போது வீட்டுப்பாடமே வாட்ஸப்பில்தான் வருகிறது. அதைப் பார்க்க வாங்கிய போன் எப்போது திரும்பி வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா?

ஆசிரியர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நாற்பது நோட்டு திருத்துவது அவர்களுக்கு மட்டும் சந்தோஷமா? நிர்வாகம் கேட்கிறது, ஏனென்றால் பெற்றோர் கேட்கிறார்கள். "லீவுக்கு ஒண்ணுமே கொடுக்கலை, ஃபீஸ் மட்டும் கரெக்டா வாங்குறாங்க" என்று என் கிளினிக் பெஞ்சிலேயே உட்கார்ந்து பேசுகிறார்கள். இந்தப் பேச்சை நிறுத்துங்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எங்கள் பிள்ளைக்கு விடுமுறை வீட்டுப்பாடம் வேண்டாம் என்று ஒருவராவது வாய் திறந்து சொல்லுங்கள். நான்கு பேர் சேர்ந்து சொன்னால் இன்னும் நல்லது.

பிள்ளைக்கு நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். இடது கையால் எழுதிப் பிள்ளையின் எழுத்து மாதிரி கொண்டுவருகிற அம்மாக்களை எனக்குத் தெரியும். ஸ்டேஷனரி கடையில் ரெடிமேட் தெர்மாகோல் எரிமலை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை கற்பது என்ன? முடியவில்லை என்றால், முடியவில்லை என்று டைரியில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கொஞ்சமாக இருந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே அரை மணி நேரத்தில் முடித்துப் பையை மூடிவிடுங்கள். ஞாயிறு விளக்கு வைத்த பிறகு நோட்டைத் திறக்கவே கூடாது. விடுமுறைக்கு ஆச்சி வீட்டுக்குப் போனால் அங்கேயும் பையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மளிகைக் கடைக்கு அனுப்பி மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வரச் சொல்லுங்கள், பிடித்த கதைப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், அது போதும். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு விடுமுறையில் படிப்பு இருக்கத்தான் செய்யும். அவர்களுக்கும் வாரத்தில் ஒரு அரை நாளாவது யாரும் எதுவும் கேட்காமல் விடுங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு நான் மருந்து எழுதவில்லை. மருந்துச் சீட்டிலேயே அவள் வகுப்பு ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினேன்: வயிற்றுவலி காரணமாக, மருத்துவ ஆலோசனைப்படி, ஆறு வாரத்துக்குச் சனி ஞாயிறுகளில் எழுத்து வேலை கொடுக்க வேண்டாம். சண்டைக்கு வருவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். மூன்றாம் நாள் ஆசிரியையே போன் செய்தார். மெதுவான குரலில், "இதே மாதிரி இன்னும் மூணு பிள்ளைங்களுக்கு எழுதித் தருவீங்களா டாக்டர்? மேனேஜ்மென்ட்ல காட்டணும்" என்று கேட்டார். பிள்ளையைப் பார்க்காமல் எழுத முடியாது, அழைத்து வரச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இருவரும் விரலை வைத்தது தொப்புளில்.

மூன்றாவது பிள்ளையின் அப்பா, மார்க் குறைந்துவிடும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.