தூரில் உரம் கொட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்

இந்த வாரமும் ஒரு எலுமிச்சை மரம். இலை மஞ்சள், ஓரமெல்லாம் கருகல். தண்டைச் சுற்றி ஒரு சாண் வட்டத்துக்குள் உரக்குருணை கரைந்தும் கரையாமலும் குவிந்து கிடக்கிறது, மரத்துக்காரர் கேட்பதோ, "சத்து பத்தலை போலிருக்கே, இன்னும் ரெண்டு கை போடலாமா?" ஏன் அங்கே போட்டீர்கள் என்றால் எல்லோரும் சொல்கிற அதே பதில்: "வேர் அங்கதானே இருக்கு."

இருக்கிறது, சரி. ஆனால் குடிக்கிற வேர் அங்கே இல்லை. தூரை ஒட்டிய தடித்த வேர் மரத்தைத் தாங்கும், தூரத்திலிருந்து வருவதைக் கடத்தும், அவ்வளவுதான். குழாயின் வெளிப்பக்கம் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தொட்டி நிறையவில்லையே என்றால் எப்படி? உறிஞ்சும் வேலையைப் பெரும்பாலும் பார்ப்பவை மெல்லிய சல்லி வேர்களும், அவற்றின் நுனிக்குச் சற்றுப் பின்னால் முளைக்கும் வேர்த்தூவிகளும்தான். ஒவ்வொரு தூவியும் ஒரே ஒரு செல், அதிக நாள் வாழாது, நுனி முன்னேற முன்னேறப் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். வளர்ந்த மரத்தில் இந்தக் கூட்டம் கிளைகளின் நிழல் விளிம்பு வரை, அதைத் தாண்டியும்கூட, பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவிக் கிடக்கும்.

நம்பாதவர்களுக்கு ஒரு கணக்கு: 1937-இல் டிட்மர் என்ற ஆய்வாளர், பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை தானியச் செடியின் வேர்களைக் கழுவியெடுத்து அளந்தார். மொத்த நீளம் 600 கிலோமீட்டருக்கு மேல். தூவிகளைத் தனியாகக் கூட்டினால் 10,000 கிலோமீட்டரைத் தாண்டியது. இவ்வளவு எதற்கு? தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட் தண்ணீரோடு வேரைத் தேடி வந்துவிடும், தண்ணீரோடு கீழே ஓடியும்விடும். மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) இருந்த இடத்தை விட்டு அசையாது, வேர்தான் அதனிடம் போக வேண்டும். சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே எட்டாது. அதனால் மணிச்சத்தை மேலுரமாகத் தூவாமல் விதைக்கும்போதே அடியுரமாக, விதைக்கு இரண்டு அங்குலம் பக்கவாட்டிலும் கீழேயும் விழும்படி போடுங்கள். (வேருக்குள் குடியிருந்து மண்ணிலிருந்து சத்தை எடுத்துத் தரும் பூஞ்சையான வேர் உட்பூசணம் இருந்தால் எட்டும் தூரம் சில சென்டிமீட்டர் கூடும். ஆனால் கடுகு, முட்டைக்கோசுக்கு அதை வாங்கிப் போட்டுக் காசைக் கரைக்க வேண்டாம், அந்தக் குடும்பம் அதோடு சேராது.)

தூரில் குவிந்த உரம் வேறொன்றும் இல்லை, உப்புதான். வேருக்குத் தண்ணீர் எட்டாதபடி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த ஓரக் கருகலைப் பசி என்று நினைத்து இன்னும் கொட்டாதீர்கள். கிடப்பதை அள்ளி எடுத்துவிட்டு, வடிகால் இருந்தால் நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள், புதுத் துளிர் வரும்வரை உரப்பையைத் தொட வேண்டாம். அப்புறம் நிழல் விளிம்பையொட்டி வட்டமாகத் தூவி லேசாகக் கிளறி மூடுங்கள். லேசாக. மண்வெட்டியை ஓங்கிப் போட்டு இருக்கிற சல்லி வேரையும் அறுத்துவிடுகிறார்கள்.

தண்ணீரும் அப்படித்தான். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும், ஒரு வாரம் வெயில் அடித்தால் செடி துவண்டுபோகும். நன்றாக இறங்கும்படி விட்டு, மேல்மண் காய்ந்த பிறகு அடுத்த தண்ணீர். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். ஈரமண்ணில் நிற்கும் செடி வாடினால் உடனே குடத்தைத் தூக்காதீர்கள். ஒரு வேரை விரலிடுக்கில் வைத்து உருவிப் பாருங்கள்: தோல் வழுக்கிக் கழன்று உள்நரம்பு மட்டும் நூலாக நின்றால் அது காற்றில்லாமல் அழுகிய வேர்.

இன்னொன்று, செடியைப் பிடுங்கி "வேரே இல்லை சார்" என்று காட்டாதீர்கள், சல்லி வேரெல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிட்டது. பக்கத்தில் குழி வெட்டி, குழியின் சுவரைத் தண்ணீரால் மெதுவாகக் கழுவிப் பாருங்கள். ஆணிவேர் கீழே போகாமல் சட்டென்று மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தால், வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுததால் இறுகிய தட்டு அங்கே இருக்கிறது. அதற்கு உரம் மருந்தில்லை, மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறி உடைக்கும் உளிக்கலப்பைதான். அதையும் மண் காய்ந்திருக்கும்போது ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் தட்டு நொறுங்காது, ஒரு கீறல் விழுவதோடு சரி.