கிரைண்டர் கல்லும் கூகுளின் சொல்லடைவும்

"தம்பி, கூகுள்ல நம்ம கடை எப்பங்க முதல்ல வரும்?"

கோவையில் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன டிஜிட்டல் மார்க்கெட்டிங் அலுவலகம் நடத்துகிறோம். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். அன்று கேட்டவர் வெட் கிரைண்டர் செய்து விற்பவர்; தேய்ந்த கல்லைக் கொத்தியும் கொடுப்பார். வெப்சைட் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. கடைப் பெயரைத் தேடினால் வெறும் இணைய முகவரி வந்தது. அதன் கீழே, இந்தப் பக்கத்தைப் பற்றிய தகவல் இல்லை என்று ஒரு வரி.

நாம் தேடுகிற அந்த நொடியில் கூகுள் இணையம் முழுக்க ஓடிப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே படித்து அடுக்கி வைத்திருப்பதில்தான் தேடுகிறது. படிக்கிற வேலை கிராலர் என்ற நிரலுடையது. ஒரு பக்கத்தில் இருக்கும் சுட்டியை, அதாவது லிங்க்கை, பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போவது, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று அது போய்க்கொண்டே இருக்கும். ஒரு தளத்துக்குள் நுழையும் முன் ரோபோட்ஸ் என்ற சின்னக் கோப்பைப் பார்க்கும். எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். 1994-ல் தொடங்கிய வழக்கம் இது. இவருடைய தளத்தைக் கட்டும்போது ‘எங்கேயும் வராதே’ என்று போட்ட வரியை, வேலை முடிந்த பிறகு எடுக்க மறந்திருந்தார்கள். அந்த வரியின் கடைசியில் ஒரே ஒரு சாய்கோடு. அதை மதித்து கிராலர் ஒரு வருடமாக வாசலோடு திரும்பிப் போயிருக்கிறது.

அதை நீக்கினோம். சரி, உள்ளே வந்த கிராலர் படித்ததை என்ன செய்யும்? இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பழக்கமான ஒரு பொருளே இருக்கிறது: சொல்லடைவு. ‘குருகு’ என்ற சொல் சங்கப் பாடல்களில் எங்கெங்கே வருகிறது என்று பார்க்க, யாரும் எல்லாப் பாடலையும் முதலிலிருந்து படிப்பதில்லை. சொல்லடைவில் அந்தச் சொல்லைத் தேடினால் பாடல் எண்கள் வரிசையாக இருக்கும். தேடுபொறியின் அடித்தளமும் இதேதான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பட்டியல், அந்தச் சொல் வருகிற பக்கங்களின் பட்டியல். ‘கிரைண்டர் கல் கொத்த’ என்று ஒருவர் அடித்தால் மூன்று பட்டியல்களையும் எடுத்து, பொதுவாக இருக்கும் பக்கங்களைப் பார்க்கும்.

மூன்று சொல்லுக்கும் ஒரே எடை கிடையாது. எங்கும் கிடக்கிற சொல் எதையும் பிரித்துக் காட்டாது. அரிதாக வருகிற சொல்தான் காட்டும். இதைக் கணக்காகச் சொன்னவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர், 1972-ல். இங்கே ‘கொத்த’ என்பதுதான் கனமான சொல். ஆனால் அந்த வெப்சைட்டில் அந்தச் சொல்லே இல்லை! முகப்பில் ‘தரமான சமையலறைத் தீர்வுகள்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. மாவு சரியாக அரைபடாமல் தவிக்கிற ஒருவர் அப்படியா தேடுவார்?

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. கல், கல்லை, கல்லுக்கு, கற்கள் எல்லாம் ஒரே பொருளின் வடிவங்கள் என்று பொறிக்குத் தெரிய வேண்டும். ‘கல்’ என்றால் ‘கற்றுக்கொள்’ என்றும் பொருள். போதாததற்கு, தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறவர்கள் ஏராளம். இன்றைய தேடுபொறிகள் சொல்லைத் தாண்டிப் பொருளையும் ஓரளவு பிடிக்கின்றன. இருந்தாலும், ஜனங்கள் பேசுகிற சொல் பக்கத்தில் இருப்பதற்கு ஈடாக எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் வரிசை. பொருத்தமான பக்கம் ஆயிரம் இருந்தால் எதை மேலே வைப்பது? சொல் எத்தனை தடவை வருகிறது என்பதையே பெரிதாகப் பார்த்த காலத்தில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் அதே சொல்லை நூறு தடவை ஒளித்து வைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் சுட்டிகளைப் பார்த்தார்கள். 1998-ல் அவர்கள் விளக்கிய பேஜ்ரேங்க் கணக்கு இப்படிப் போகும். இலக்கில்லாமல் சுற்றுகிற ஒருவர், நூற்றுக்கு 85 தடவை பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு சுட்டியை அழுத்துகிறார். 15 தடவை சலித்துப்போய் எங்கோ குதிக்கிறார். நெடுநேரம் சுற்றியபின் எந்தப் பக்கத்தில் அவர் அதிகம் இருப்பார்? அதுவே அந்தப் பக்கத்தின் மதிப்பு. ஒரு பக்கம் தன் மதிப்பைத் தான் சுட்டுகிற பக்கங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. ஆக, யாரும் எட்டிப் பார்க்காத நூறு பக்கங்களின் சுட்டியைவிட, பலர் மதிக்கிற ஒரு பக்கத்தின் சுட்டி கனமானது.

உடனே சுட்டி விற்கிற வியாபாரமும் வந்துவிட்டது. 2012-ல் கூகுள் தன் வரிசைக் கணக்கில் கொண்டுவந்த பென்குயின் என்ற மாற்றம் இதைக் குறிவைத்ததுதான். இன்று பேஜ்ரேங்க் பல அடையாளங்களில் ஒன்று. ஆனாலும் ‘ஆயிரம் பேக்லிங்க், ஐயாயிரம் ரூபாய்’ என்று, வேறு தளங்களிலிருந்து இவர் தளத்தைச் சுட்டும் சுட்டிகளை இவருக்கும் ஒருவர் விற்றிருந்தார். உழைத்துச் சேர்த்த பணம் அப்படிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதே இல்லை. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிவிடுகிறோம். சிலர் எழுந்து போய்விடுவார்கள். இவர் உட்கார்ந்தார்.

இரண்டு நாள் அவருடைய பட்டறையில் இருந்தேன். உளிச் சத்தத்துக்கு நடுவே வருகிற போன்களைக் கேட்டு, கேள்விகளை அப்படியே நோட்டில் எழுதினேன். கல் கொத்தினால் மாவில் மண் வருமா? எத்தனை நாளில் கிடைக்கும்? இரண்டு லிட்டர் கல்லுக்கு எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்ன பதிலே ஒரு பக்கம் ஆனது.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. சின்ன ஏஜென்சிக்கு அதுதான் கஷ்டமான காலம். மாதக் கட்டணம் கேட்கவே கூச்சமாக இருக்கும். மூன்றாம் மாதம், தளக்காரர்களுக்குக் கூகுள் தருகிற சர்ச் கன்சோல் என்ற கருவியில், மக்கள் தேடிய சொற்களின் பட்டியலில், ‘கிரைண்டர் கல் கொத்துவது’ வந்திருந்தது. அதற்குக் கீழே நாங்கள் எழுதவே எழுதாத ஒன்று: ‘கிரைண்டர் கடகட சத்தம்’. அவரைக் கூப்பிட்டேன்.

"பெல்ட் தளர்ந்திருக்குமுங்க தம்பி, இல்லீன்னா பேரிங். மூடியக் கழட்டி மொதல்ல பெல்ட்டப் பாக்கச் சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.