மூன்றரை கிராம் என்ன விலை?

அமெரிக்கத் தெருக்களில் போதைக் காளானை 'எய்ட்த்' கணக்கில் விற்பார்கள். ஒரு அவுன்சில் எட்டில் ஒரு பங்கு, அதாவது மூன்றரை கிராம் உலர்ந்த காளான். சில பத்து டாலர் கொடுத்தால் கிடைத்துவிடும். அதே காளானை ஒரேகான் மாநிலத்தில் சட்டப்படி நடக்கும் மையம் ஒன்றில் உட்கொள்ளப் போனால், ஒரு அமர்வுக்கே ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. இரண்டாயிரம், மூன்றாயிரம் வாங்கும் இடங்களும் உண்டு. இரண்டு இடத்திலும் பெரும்பாலும் ஒரே இனம்தான், சைலோசைபி கியூபென்சிஸ். அப்புறம் ஏன் இத்தனை வித்தியாசம்?

வரி, உரிமக் கட்டணம் எல்லாம் இருக்கின்றன, சரி. ஆனால் மீதிப் பணம் எங்கே போகிறது என்பது, காளான் வயிற்றுக்குள் போனபின் நடப்பதைப் பார்த்தால்தான் விளங்கும்.

காளானில் இருக்கும் போதைப் பொருளான சைலோசைபின் நேரடியாக மூளையில் வேலை செய்வதில்லை. அதன் முதுகில் ஒரு பாஸ்பேட் மூட்டை இருக்கிறது. குடலிலும் கல்லீரலிலும் உள்ள அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி அந்த மூட்டையை இறக்கிவிடும். (கல்லீரல் பரிசோதனைச் சீட்டில் 'ஏஎல்பி' என்று ஒரு வரி வருமே, அதேதான்.) மிஞ்சுவது சைலோசின். அது எளிதாக மூளைக்குள் நுழைகிறது. அதன் வடிவம், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்த நம் உடம்பே சுரக்கும் செரோட்டோனினை ஒத்தது. அதனால் செரோட்டோனினை வாங்கிக்கொள்ள நரம்புச் செல்லில் இருக்கும் ஏற்பிகளில், குறிப்பாக 5-எச்டி2ஏ என்ற வகையில், போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்த ஏற்பிதான் காரணம் என்பதை 1998-ல் சூரிக் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த ஏற்பியை அடைத்துவிடும் கெட்டான்செரின் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது, சைலோசைபின் சாப்பிட்டவர்களுக்கு மாயக்காட்சிகள் எழவில்லை.

தின்ற அரை மணி நேரத்தில் ஆரம்பிக்கும். ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் உச்சம். அடங்க நாலிலிருந்து ஆறு மணி நேரம். நடுவில் "போதும், நிறுத்து" என்று சொல்ல வழியில்லை. ஒரேகானில் வாங்கும் பணத்தில் பெரும்பங்கு இந்த மணிகளுக்குத்தான்: பயிற்சி பெற்ற ஒருவர் அது முடியும்வரை பக்கத்திலேயே இருக்கிறார். அதற்கு முன்பு இன்னொரு நாள் உட்கார்ந்து, மனச்சிதைவு போன்ற நோய் இருந்ததா, லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று விசாரிக்கிறார்கள். லித்தியத்தோடு சேர்ந்தால் வலிப்பு வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. தெருவில் விற்பவர் இதையெல்லாம் கேட்பாரா?

இன்னொரு செலவு, காளானில் எவ்வளவு சைலோசைபின் என்று பார்க்கும் ஆய்வகச் சோதனை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கிராம் என்ற அளவே இந்தக் காளானில் ஒன்றும் சொல்வதில்லை. ஒரே படுக்கையில் முளைத்த இரண்டு காளான்களில்கூட சைலோசைபின் அளவு மாறும், இனம் மாறினால் பல மடங்கு மாறும். காயவைத்த விதம், எத்தனை நாள் கிடந்தது என்பதையும் பொறுத்தது. காளானைக் கிள்ளினால் நீலமாகுமே, 'நீலம் ஏறினால் சரக்கு நல்ல சரக்கு' என்று ஒரு நம்பிக்கை உண்டு. 2019-ல் ஜெர்மனியின் யேனா நகர ஆய்வாளர்கள் அந்த நீலத்தின் வேதியியலைப் பிரித்துப் பார்த்தார்கள். காளானின் சொந்த நொதிகளே பாஸ்பேட்டைக் கழற்றி, சைலோசினை ஆக்சிஜனோடு சேர்த்து நீல நிறமியாக்குகின்றன. ஆக, கண்ணில் படும் நீலம் ஏற்கெனவே கெட்டுப்போன பங்கு.

இந்தக் கிராம் சிக்கல் நம் நீதிமன்றம் வரைக்கும் வந்திருக்கிறது. இந்தியாவில் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி சைலோசைபின் தடைசெய்யப்பட்டது. பிடிபட்ட காளானின் மொத்த எடையை வைத்தே குற்றத்தின் அளவைத் தீர்மானிக்கலாமா என்ற கேள்வி ஒரு ஜாமீன் மனுவில் எழுந்தது. காளான் இயற்கையாக விளைவது, அதை 'கலவை' என்று கொள்ள முடியாது, உள்ளே எவ்வளவு சைலோசைபின் என்று தெரிய வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. வேதியியல்படி பார்த்தால் சரியான கேள்விதான்.

சாக்லேட் வடிவில் வருவது இன்னும் மோசம். 2024-ல் அமெரிக்காவில் 'காளான் சாக்லேட்' தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். சோதித்தபோது, வேறொரு காளானில் இருக்கும் மஸ்சிமோல் என்ற போதைப் பொருள், நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின் எல்லாம் உள்ளே இருந்தன.

சரி, பழக்கமாகிவிட்டால்? சாராயத்தைப் போல இது உடம்பைப் பிடித்துக்கொள்வதில்லை. இன்று தின்றால் அந்த ஏற்பிகள் செல்லுக்குள் ஒதுங்கிவிடுகின்றன, நாளை அதே அளவு தின்றாலும் பாதிகூட ஏறாது. விட்டால் கை நடுங்குவதும் இல்லை. அதனால் 'இது அடிமைப்படுத்தாது' என்று சொல்லிக்கொள்கிறார்கள். உதவி தேவைப்படுவது வேறு இடங்களில்: அடங்காத பீதி, மாடியிலிருந்தோ சாலையிலோ நடக்கும் விபத்து, உள்ளே உறங்கிய மனநோய் கிளம்புவது, சிலருக்கு மாதக்கணக்கில் பார்வையில் வண்ணக் கோடுகள் தங்கிவிடுவது. இவற்றுக்கு மனநல மருத்துவரும் ஆலோசகரும்தான் வேண்டும். இந்தியாவில் போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாத எண்கள். கூச்சப்படாமல் பேசலாம்.

பீதியில் இருப்பவரை அதட்டக் கூடாது, கட்டிப்போடக் கூடாது. வெளிச்சத்தைக் குறைத்து, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்து, "இது காளானின் வேலை, அடங்கிவிடும்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் பலருக்கும் அதுவே போதுகிறது. வலிப்பு, நினைவு தப்புதல், அனலாகக் கொதிக்கும் உடம்பு என்றால் தாமதிக்காமல் 108.

கொடைக்கானல் மாதிரி மலையில் காட்டுக்காளானைப் பறித்தோ வாங்கியோ தின்றவர் என்றால், ஒரு கணக்கு முக்கியம். ஆறு மணி நேரம் கழித்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்தால் அது போதைக் காளானின் குணமல்ல. கல்லீரலைத் தின்னும் அமாடாக்சின் உள்ள நச்சுக்காளானாக இருக்கலாம். பழுப்புத் தொப்பியோடு பார்க்க அதே மாதிரி இருக்கும் கலெரினா அந்த வகைதான். ஒரு நாளில் வயிறு சரியாகிவிட்டதுபோலத் தோன்றும்போதுதான் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எத்தனை மணிக்குத் தின்றார் என்று சொல்லுங்கள். மிச்சக் காளான் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் கவரில் அல்ல, காகிதத்தில் சுற்றி. பிளாஸ்டிக்கில் வேர்த்து அழுகிவிட்டால், அது எந்தக் காளான் என்று அடையாளம் காண முடியாமல் போகும்.