மட்டமான எண்ணெயிலும் பயோடீசல்: விதி தளர்வது எங்கே, இறுகுவது எங்கே?

2018-இல் வந்த இந்தியாவின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, தாவர எண்ணெய், கொழுப்பு போன்றவற்றிலிருந்து செய்யும் பயோடீசலை 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் கலக்க இலக்கு வைத்தது. சமையல் எண்ணெயையே பெருமளவில் இறக்குமதி செய்யும் நாடு, நல்ல எண்ணெயை வண்டிக்கு ஊற்ற முடியாது. ஆகவே கொள்கை கைகாட்டுவது புங்கம் போன்ற உணவுக்கு உதவாத எண்ணெய்களையும், பொரித்து ஓய்ந்த பழைய எண்ணெயையும்தான். உணவுப் பாதுகாப்பு விதியும் இதற்குத் துணை நிற்கிறது. பொரிக்கப் பொரிக்க எண்ணெய் சிதைந்து உருவாகும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் மறுபடி சமைக்கக் கூடாது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் உணவகங்கள் அதற்குக் கணக்கு வைத்து, கழிவு எண்ணெயை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மூலப்பொருளில் இவ்வளவு தாராளம் காட்டும் அரசு, எரிபொருளின் தரத்தில் இம்மியும் இறங்குவதில்லை. ஐ.எஸ். 15607 என்னும் இந்தியத் தரநிலைப்படி பயோடீசலில் எஸ்டர், அதாவது எண்ணெய் மெத்தனால் என்னும் ஆல்கஹாலோடு சேர்ந்து மாறிய எரிபொருள், 96.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மிஞ்சிய அமிலத்தைக் காட்டும் அமில எண் 0.50-ஐத் தாண்டக் கூடாது. எந்த எண்ணெயிலிருந்து செய்தாலும் இதே கணக்குதான்.

பழைய எண்ணெயில் தனித்த கொழுப்பு அமிலம், அதாவது எண்ணெய் மூலக்கூறிலிருந்து பிரிந்து நிற்கும் அமிலம், மிகுதி. வழக்கமான முறையில் காஸ்டிக் சோடாவையும் மெத்தனாலையும் சேர்த்தால், அந்த அமிலம் சோடாவோடு சேர்ந்து சோப்பாகிவிடும். எரிபொருளும் கிளிசரினும் பிரியாமல் குழம்பி நிற்கும், விளைச்சலும் குறையும்.

லைபேஸ் என்னும் நொதிக்கு இந்தத் தொல்லை இல்லை. எண்ணெயையும் தனித்த அமிலத்தையும் ஒருசேர எஸ்டராக மாற்றிவிடும். கொதிக்க வைக்க வேண்டியதில்லை, இளஞ்சூடே போதும். கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் பாதகமில்லை. சில வகை லைபேஸுக்கு அது தேவையும்கூட. மெத்தனாலை மட்டும் ஒரேயடியாகக் கொட்டினால் நொதி செயலிழந்துவிடும் என்பதால், தவணை தவணையாகத்தான் விட வேண்டும். வேலை மெதுவாக நடக்கும், நொதியின் விலையும் அதிகம். அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால்தான் கட்டுப்படியாகும்.

நொதி விற்பவர்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. வினை முடிந்த பிறகும் சில சதவீத அமிலம் மிஞ்சும். அமில எண் 0.50 என்றால் தனித்த அமிலம் ஏறக்குறைய கால் சதவீதம்தான். ஆகவே காரத்தால் கழுவுவது போன்ற இன்னொரு படி தேவை. ஆலைச் செலவைப் போடும்போது இதையும் சேர்த்தே போட வேண்டும்.

விற்பனைக்கும் வரம்பு உண்டு. 2019 ஏப்ரலில் வந்த வழிகாட்டுதல்கள், அதிவேக டீசலில் (வண்டிகளுக்கு ஊற்றும் வழக்கமான டீசல்) கலப்பதற்கான பயோடீசல் விற்பனைக்கே வழி செய்கின்றன. சாலையோரத்தில் பீப்பாயில் வைத்து, பயோடீசல் என்ற பெயரில் மலிவாக விற்கும் எண்ணெய்க்கு இதில் இடமில்லை.