வெயில் ஏறினால் ஓடுதளம் சுருங்கும்

ஓமலூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். "கமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் திறந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. விமானம் வருகிறது, கொஞ்ச நாளில் நின்றுவிடுகிறது, சில வருடம் கழித்து வேறொரு நிறுவனம் வருகிறது. கட்டடம் இருக்கிறது, ஓடுதளம் இருக்கிறது, போகவும் ஆள் இருக்கிறது. பிறகு என்னதான் குறை? ஓடுதளம் வாஸ்துப்படி அமையவில்லை என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்கிறார்."

வாஸ்துவை முதலில் முடித்துவிடுவோம். சேலம் ஓடுதளத்தின் பெயர் 04/22. இந்த எண்களின் பின்னால் ஒரு பூஜ்ஜியம் சேர்த்தால் காந்த வடக்கிலிருந்து அதன் கோணம் கிடைத்துவிடும். ஒரு முனையிலிருந்து ஓடினால் 40 பாகை, மறுமுனையிலிருந்து 220 பாகை. அதாவது வடகிழக்கும் தென்மேற்கும். மேலே எழும்பவும் கீழே இறங்கவும் விமானத்துக்கு எதிர்க்காற்று வேண்டும். நமக்கோ ஒரு பருவத்தில் தென்மேற்குக் காற்று, இன்னொரு பருவத்தில் வடகிழக்குக் காற்று. இதைவிடப் பொருத்தமான திசை அமையாது. வேடிக்கை என்னவென்றால், ஈசான மூலையையும் கன்னி மூலையையும் கோடு போட்டு இணைத்தால் வருவதும் இதே திசைதான். வாஸ்துக்காரரே வாயைத் திறக்க முடியாத ஓடுதளம் இது!

திசையில் குறையில்லை. நீளத்தில் இருக்கிறது. சேலம் ஓடுதளம் 1,806 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. நடந்து பார்த்தால் கால் வலிக்கும் தூரம்தான். ஆனால் இந்திய வானத்தை நிரப்பியிருக்கும் ஏர்பஸ் ஏ320 வகை விமானத்துக்கு, முழு எடையோடு எழும்பக் குளிர்ந்த கடலோரத்திலேயே சுமார் 2,000 மீட்டர் வேண்டும்; அகலம் பொதுவாக 45 மீட்டர். ஆகவே கமலாபுரத்துக்கு வரக்கூடியது ஏ.டி.ஆர். 72 போன்ற, சுழல்விசிறி வைத்த, எழுபது சொச்சம் பேர் உட்காரும் விமானம்தான். அதற்குச் சுமார் 1,300 மீட்டர் போதும்.

"போதும்" என்று எழுதிவிட்டேன். அந்த 1,300 மீட்டர் எந்த நிலையில் அளந்தது தெரியுமா? கடல் மட்டம், 15 டிகிரி செல்சியஸ். உலகெங்கும் விமானக் கணக்குகள் இந்த நிலையில்தான் தொடங்கும். மார்கழி விடியலில்கூடச் சேலம் இதைத் தொடுவது அபூர்வம். சித்திரை மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தக் கணக்குக்காகத்தான்.

இறக்கை தரும் தூக்குவிசை, காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது என்பது பள்ளிப் பாடம். கடல் மட்டத்தில் 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. கமலாபுரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 40 டிகிரி வெயிலில் அதே ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.09 கிலோதான் இருக்கும். பதினோரு சதவீதம் காணாமல் போய்விட்டது. அதே எடையைத் தூக்க வேண்டுமானால் விமானம் ஆறு சதவீதம் கூடுதல் வேகத்தை எட்டியாக வேண்டும். ஆறுதானே என்று விட்டுவிட முடியாது. ஓட வேண்டிய தூரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அது ஏறத்தாழ பதின்மூன்று சதவீதம் கூடிவிடும்.

பாதிப்பு இறக்கையோடு நிற்பதில்லை. சுழல்விசிறி காற்றைப் பின்னால் தள்ளித்தான் விமானத்தை முன்னால் இழுக்கிறது. ஒகேனக்கல்லில் பரிசல்காரர் துடுப்புப் போடும் நீர் திடீரென்று நீர்த்துப்போய்விட்டால் எப்படி இருக்குமோ அப்படி, வெயிலில் விசிறிக்கும் பிடிமானம் குறைந்துவிடுகிறது. இன்ஜினும் ஒரு வெப்பநிலை வரைதான் முழுத் திறனைத் தரும். அதற்கு மேல் உள்ளே சுழலும் டர்பைன் தகடுகள் தாங்காது என்பதால் திறனைக் குறைத்தாக வேண்டும். இழுவிசையும் அதே பதினோரு சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தத்தில் ஓட வேண்டிய தூரம் கால் பங்குக்கு மேல் கூடும். 1,300 மீட்டர் 1,650 ஆகிவிடும்.

இன்னொரு விதமாகவும் இதைச் சொல்லலாம். 1.09 கிலோ அடர்த்தி, விமானக் கணக்குகளுக்கான மாதிரி வளிமண்டலத்தில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் கிடைக்கும் அடர்த்தி. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். அதாவது சித்திரை வெயிலில் சேலம் ஓடுதளம், விமானத்தைப் பொறுத்தவரை, ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பெரும்பாலானவற்றைக் கடந்து மேலே ஏறிவிடுகிறது. மாலையில் வெயில் தாழ்ந்ததும் இறங்கி வருகிறது. தினமும் ஏறி இறங்கும் ஓடுதளம்!

1,650 மீட்டர் வேண்டும், 1,806 மீட்டர் இருக்கிறது, மிச்சம் நூற்றைம்பது. சேலம் தப்பித்துவிட்டது, ஏ.டி.ஆருக்கு மட்டும். இதே கணக்கைப் புதுச்சேரியில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர்தான். கடலோரம் என்பதால் உயரத் தொல்லை இல்லை. ஆனாலும் 40 டிகிரியில் 1,500ஐத் தாண்டி முப்பது மீட்டர் தேவைப்படுகிறது. ஓடுதளத்தை நீட்ட முடியாது, எடையைத்தான் குறைக்க வேண்டும். 23 டன் விமானத்தில் ஏறத்தாழ கால் டன். பெட்டியோடு சேர்த்தால் இரண்டு மூன்று பயணிகள். லாபமே கடைசி நான்கைந்து இருக்கையில்தான் இருக்கிறது என்னும்போது, அந்த இரண்டு மூன்று பேர் சாதாரண ஆட்கள் இல்லை.

சிம்லாவில் நிலைமை இன்னும் மோசம். சிறு ஊர்களை விமானத்தால் இணைக்க மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரலில் பிரதமர் கொடியசைக்கப் புறப்பட்டது சிம்லாவிலிருந்துதான். 1,500 மீட்டருக்கு மேல் உயரம், மலையை வெட்டிச் சமன்செய்த ஓடுதளம் சுமார் 1,200 மீட்டர். ஐம்பது பேருக்குக் குறைவாக உட்காரும் ஏ.டி.ஆர். 42 விமானமே அங்கே கொண்டுவந்து இறக்கும் அளவு ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்ப எழும்ப முடியாது. வரும்போது ஓரளவு நிறைந்து, போகும்போது பாதிக்கு மேல் காலியாக ஒரு விமானம். காலி இருக்கைக்குக் காசு கொடுப்பது யார்?

ஒரு முக்கியமான விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. இந்த 1,300 மீட்டர், விமானம் ஓடி எழும்பும் தூரம் மட்டும் இல்லை. அதில் ஒரு பெரும் பங்கு, அநேகமாக ஒருநாளும் நடக்காத ஒரு விபத்துக்காக ஒதுக்கி வைத்தது. ஒவ்வொரு முறை புறப்படும் முன்னும் விமானிகள் "வி1" என்று ஒரு வேகத்தைக் கணக்கிடுவார்கள். அந்த வேகத்தை எட்டுவதற்குள் ஒரு இன்ஜின் நின்றால் பிரேக் போட்டு, எஞ்சியிருக்கும் ஓடுதளத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். எட்டிய பிறகு நின்றால் நிறுத்தவே கூடாது; மிச்சமிருக்கும் ஒற்றை இன்ஜினோடு ஓடி, ஓடுதளத்தின் முனையைத் தாண்டும்போது 35 அடி உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் தாங்கும் நீளம் இருந்தால்தான் அந்த எடையோடு புறப்பட அனுமதி. நல்ல நாளில் விமானம் ஓடுதளத்தின் நடுப்பகுதியைத் தாண்டியதுமே எழும்பிவிடுவதைப் பார்த்து "இவ்வளவு நீளம் எதற்கு வீணாக?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வீணாகத் தெரியும் அந்தப் பாதியை நம்பித்தான் நாம் உள்ளே நிம்மதியாகத் தூங்குகிறோம்.

அதோடும் முடியாது. ஒற்றை இன்ஜினில் எழும்பிய பிறகு, சக்கரத்தை மடக்கிக்கொண்டு 100 மீட்டர் முன்னே போனால் குறைந்தது 2.4 மீட்டராவது மேலே ஏறும் திறன் வேண்டும். கிழக்கே சேர்வராயன் மலை நிற்கும் ஊரில் இதுவும் சேர்ந்துதான் எடையைத் தீர்மானிக்கிறது. சிறிய நிலையத்தில் எரிபொருள் நிரப்பும் வசதி இல்லையென்றால், திரும்பிப் போவதற்கான எரிபொருளையும் வரும்போதே சுமந்து வர வேண்டும். அதுவும் பயணிகளின் எடையிலிருந்துதான் கழியும்.

இப்போது நிறுவனத்தின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஏ.டி.ஆர். விமானத்துக்கும் இரண்டு விமானிகள்தான், ஏர்பஸ்ஸுக்கும் இரண்டு விமானிகள்தான். அங்கே அவர்கள் சம்பளத்தை 180 பேர் பகிர்ந்துகொள்கிறார்கள், இங்கே 70 பேர். அந்த எழுபதும் நிறைய வேண்டுமே. சேலத்திலிருந்து வந்தே பாரத் ரயிலில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குள் சென்னை. விமானம் ஒரு மணி நேரத்தில் போகும்தான். ஊரிலிருந்து கமலாபுரம் போய், ஒரு மணி நேரம் முன்னதாகக் காத்திருந்து, மீனம்பாக்கத்திலிருந்து நகருக்குள் போவதையும் கூட்டினால் மிச்சமாகும் நேரம் சொற்பம். ஆகவே சேலத்துப் பயணியில் நிறுவனத்துக்கு உண்மையில் லாபம் தருபவர், சென்னையிலோ பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ இறங்கி வேறொரு விமானம் பிடித்து டெல்லிக்கோ துபாய்க்கோ போகிறவர். அவரை அதே டிக்கெட்டில் கொண்டுசேர்க்கப் பெரிய வலைப்பின்னல் வேண்டும். சின்ன நிறுவனத்திடம் அது கிடையாது.

சேலத்தின் வரலாறே இதைச் சொல்லும். 1993இல் திறந்த நிலையம். தொண்ணூறுகளில் என்.இ.பி.சி. சிறிது காலம் பறந்தது. 2009இன் இறுதியில் கிங்ஃபிஷர் வந்தது, 2011இல் நின்றது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட், 2021 வரை. இந்த மூன்று நிறுவனங்களுமே இன்று இல்லை. சேலத்தால் அவை மூழ்கவில்லை. ஆனால் கிங்ஃபிஷரும் ட்ரூஜெட்டும் கடையை மூடுவதற்கு முன்பே சேலத்தைக் கைவிட்டுவிட்டன. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. நாட்டில் ஏ.டி.ஆர். விமானங்களை இயக்குபவை இவை இரண்டும் ஃப்ளை91உம் என்று விரல்விட்டு எண்ணும் அளவுதான். 1,806 மீட்டர் நிலையத்தை நாடி வரக்கூடியவர்கள் பெரும்பாலும் அவ்வளவு பேர்தான்.

அரசு இதை அறியாமல் இல்லை. 2016இல் அறிவித்த உடான் திட்டத்தில், ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி இருக்கைகளுக்குச் சுமார் 2,500 ரூபாய் கட்டண உச்சவரம்பு, நட்டத்தில் ஒரு பகுதியை மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஈடுகட்டும், விமான எரிபொருளுக்கான வாட் வரி 1 சதவீதத்தைத் தாண்டாது என்று சலுகைகள் இருந்தன. நல்ல எண்ணம்தான். அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின், 2023இல் வெளிவந்த அறிக்கையைப் பாருங்கள்: ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று ஆண்டுகளை நிறைவு செய்தவை 112. சலுகை முடிந்த பிறகும், 2023 மார்ச் வரை தொடர்ந்தவை 54 மட்டுமே. எனக்கு இதில் கோபம் உண்டு. பளபளக்கும் முனையக் கட்டடங்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும் பணம், ஓடுதளத்தை நீட்ட நிலம் எடுக்கவும், மோசமான வானிலையிலும் இறங்க உதவும் கருவிகளுக்கும் தயங்கித் தயங்கித்தான் வருகிறது. கண்ணால் பார்த்து மட்டுமே இறங்கக்கூடிய நிலையத்தில் பார்வைத்தூரம் 5 கிலோமீட்டருக்குக் குறைந்தால் விமானம் இறங்காது. இரண்டு பனிக்கால வாரங்கள் இப்படி ரத்தானால், அடுத்த வருடம் பயணி ரயிலுக்குப் போய்விடுவார்.

இன்னொரு கோபமும் இருக்கிறது, அது பழையது. வேலூர், நெய்வேலி போன்ற குட்டி ஓடுதளங்களும் உடான் பட்டியலில் இடம்பெற்றவை. அங்கே ஏ.டி.ஆர். இறங்காது; 19 இருக்கை விமானம்தான் வேண்டும். அந்த வகைச் சிறிய விமானத்தை நாமே செய்துகொள்ள பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் 'சரஸ்' என்ற 14 இருக்கை விமானத்தை உருவாக்கி 2004இல் பறக்கவிட்டது. 2009இல் ஒரு சோதனைப் பறப்பில் விபத்து. மூன்று பேர் இறந்தார்கள். பிறகு நிதி வறண்டது. மீண்டும் சரஸ் பறந்தது 2018 ஜனவரியில். ஒன்பது ஆண்டு இடைவெளியில் வல்லுநர் குழுக்கள் கலையும், அனுபவம் ஓய்வுபெற்றுப் போகும். விபத்தை ஆராய்ந்து வடிவமைப்பைத் திருத்துவதுதான் ஆராய்ச்சி. பணத்தை நிறுத்துவது வேறு வேலை.

கடைசியாக, நிறுவனத்தின் கால அட்டவணையில் ஒரு விசித்திரம். விமானம் விடியலில் முதல் வேலையாக அதிகக் காசு தரும் வழித்தடத்துக்குத்தான் போகும்; மாலையிலும் அப்படியே. சிறு ஊர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது நடுப்பகல். காற்று மிகவும் மெலிந்திருக்கும், அதிக எடையை இறக்கி வைக்கச் சொல்லும் அதே நேரம். காலை ஆறு மணிக்குச் சேலத்திலிருந்து ஒரு விமானம் கிளம்ப வேண்டுமானால் முந்தைய இரவு அது அங்கே வந்து நின்றிருக்க வேண்டும். அதற்கு ஓடுதளத்தின் ஓரத்தில் விளக்கு வேண்டும், இரவுப் பணிக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆள் வேண்டும், விமானம் நிற்க இடம் வேண்டும், விமானிகள் தூங்க நல்ல விடுதி வேண்டும். புதிய முனையம் கட்டுவதைவிட மிகக் குறைந்த செலவில் முடியக்கூடிய வேலைகள் இவை. வாசகர் தன் தொகுதி எம்.பி.க்கு மனு எழுதுவதாக இருந்தால், இந்த வேலைகளிலிருந்து தொடங்கலாம்.