பதினொன்றாம் வகுப்பில் பள்ளி மாற்றும் முன்: 7.5 சதவீத ஒதுக்கீடு யாருக்கு, எந்தப் படிப்புக்கு?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான சில நாள்களிலேயே, நல்ல மதிப்பெண் பெற்ற அரசுப் பள்ளி மாணவரின் வீடு தேடித் தனியார் பள்ளிகளிலிருந்து ஆள் வருவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. கட்டணம் வேண்டாம், விடுதிச் செலவும் எங்களுடையது, நீட் பயிற்சியும் சேர்த்தே தருகிறோம் என்று அவர்கள் சொல்லும்போது, கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அதை மறுக்க மனம் வருவதில்லை. ஆனால் அந்த மாற்றுச் சான்றிதழில் தலைமை ஆசிரியர் கையெழுத்திட்டு, பிள்ளை தனியார் பள்ளியில் சேரும் நாளிலேயே, மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று தனியே வைக்கப்பட்டுள்ள 7.5 சதவீத இடங்களுக்கான உரிமையையும் அவர் இழந்துவிடுகிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு எந்த மனுவாலும் இதைத் திரும்பப் பெற முடியாது.

இந்த உரிமை இரண்டு சட்டங்களின் வழியே வந்தது. நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் சென்றோர் எண்ணிக்கை மிகவும் சுருங்கிப்போனது. அதன் காரணங்களை ஆராய நீதிபதி பொ.கலையரசன் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 10 சதவீதம் ஒதுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அமைச்சரவை அதை 7.5 சதவீதமாக முடிவு செய்தது. 2020 செப்டம்பரில் சட்டப்பேரவையில் நிறைவேறிய மசோதா ஆளுநரின் ஒப்புதலுக்காக ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தது. அக்டோபர் இறுதியில் அரசு தனியே அரசாணை பிறப்பித்துவிட, அதையொட்டி ஒப்புதலும் வந்து சேர்ந்தது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி ஆகியவை இச்சட்டத்தில் அடங்கும். அடுத்த ஆண்டு, நீதிபதி த.முருகேசன் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கையை ஒட்டி, 2021 ஆகஸ்டில் மற்றொரு சட்டம் நிறைவேறியது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய தொழிற்கல்விப் படிப்புகளுக்கும் அதே 7.5 சதவீதம் விரிந்தது இந்தச் சட்டத்தால்தான். மருத்துவ ஒதுக்கீட்டை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

தகுதி என்று சட்டம் கேட்பது முதன்மையாக ஒன்றைத்தான்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, இடையில் ஓர் ஆண்டுகூட விடாமல், அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இங்கே அரசுப் பள்ளி என்ற சொல் பள்ளிக் கல்வித்துறையின் பள்ளிகளை மட்டும் குறிப்பதன்று. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும், வனத்துறை நடத்தும் பள்ளிகளும் இதில் அடங்கும். அண்மை ஆண்டுகளில் மாவட்டங்கள்தோறும் தொடங்கப்பட்ட மாதிரிப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளே. ஆகவே சொந்த ஊர்ப் பள்ளியை விட்டு அங்கே சேர்வதால் உரிமை பறிபோகாது. ஒரு விதிவிலக்கும் உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்து எட்டாம் வகுப்பு வரை படித்தவர், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் அவரும் தகுதி பெறுகிறார். எட்டாம் வகுப்போடு அந்தக் கட்டணச் சலுகை நின்றுபோவதால் திகைத்து நிற்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை.

அதிகமாகத் தவறு நடக்கும் இடம் அரசு உதவி பெறும் பள்ளி. ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிறது, பாடநூலும் மதிய உணவும் அரசுடையது, எனவே இதுவும் அரசுப் பள்ளிதானே என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசு உதவி பெறும் பள்ளிக்கு இடமில்லை. உதவி பெறும் பள்ளிகளில் படிப்பவர்களும் பெரும்பாலும் அதே ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள்தாம் என்பதால் இந்தக் கோடு கிழிக்கப்பட்ட விதத்தில் ஒரு வன்மை இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் சட்டம் இன்றுள்ள நிலையில், ஒன்பதாம் வகுப்பை மட்டும் உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தாலும் ஒதுக்கீடு கிடைக்காது.

சதவீதம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு படிப்பில் மாநில ஒதுக்கீட்டுக்கு 400 இடங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அதில் 7.5 சதவீதம், அதாவது 30 இடங்கள், அரசுப் பள்ளி மாணவர்களுக்காக முதலில் பிரிக்கப்படும். அந்த 30 இடங்களுக்குள் மாநிலத்தின் 69 சதவீத இடஒதுக்கீடு அப்படியே பின்பற்றப்படும்: பொதுப் பிரிவுக்கு ஏறத்தாழ 9, பிற்படுத்தப்பட்டோருக்கு 8, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 1, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 6, மீதி பட்டியல் சாதியினர், அருந்ததியர், பழங்குடியினருக்கு. எனவே இது சாதி ஒதுக்கீட்டுக்குப் போட்டியாக வந்ததன்று, அதுவும் இதற்குள்ளேயே பின்பற்றப்படுகிறது. இப்பிரிவில் விண்ணப்பிப்பதால் பொதுக் கலந்தாய்வில் பங்கேற்கும் உரிமையும் போய்விடாது.

போட்டி யாரோடு என்பதுதான் இங்கே முக்கியம். நீட் தேர்வில் 720-க்கு வாங்கும் மதிப்பெண்ணை வைத்து, ஒன்றிரண்டு ஆண்டு தனியே பயிற்சி பெற்றுத் திரும்ப எழுதும் மாணவர்களோடு மோத வேண்டிய இடத்தில், தன்னைப் போலவே அரசுப் பள்ளியில் படித்தவர்களோடு மட்டும் மோதினால் போதும் என்ற நிலை வருகிறது. அதனால் இந்தப் பிரிவின் இறுதி மதிப்பெண் பொதுப் பிரிவைவிடக் கணிசமாகக் குறைவாகவே நிற்கிறது. நீட்டில் தகுதி மதிப்பெண் பெறுவது மட்டும் எல்லோருக்கும் கட்டாயம். அதில் தளர்வு இல்லை. தனியார் பள்ளியின் இலவச விடுதியைத் தேர்வு செய்பவர், அங்கே கிடைக்கும் கூடுதல் பயிற்சியால் தன் மதிப்பெண் எவ்வளவு உயரும் என்பதோடு, தான் விட்டுவிட்டுப் போகும் இந்த இடைவெளியையும் சேர்த்து எடைபோட வேண்டும். என் கணிப்பில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தப் பேரம் நட்டத்தில்தான் முடிகிறது.

கட்டணத்தைப் பார்ப்போம். தொழிற்கல்விப் படிப்புகளில் இந்த ஒதுக்கீட்டின் கீழ் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தும் பணம் கட்ட முடியாமல் சிலர் திரும்பிச் சென்ற செய்தி முதல் ஆண்டிலேயே வந்ததால், 2020 நவம்பரில் அப்போதைய அரசு மருத்துவ மாணவர்களின் கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டது. தனியார் சுயநிதிக் கல்லூரியாக இருந்தாலும், அங்கே அரசுக்கு ஒப்படைக்கப்பட்ட இடங்களில் ஒதுக்கீடு செல்லும். நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும், ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கும் செல்லாது. நேராகக் கல்லூரி அலுவலகத்துக்குப் போய் இடம் பிடித்துவிட்டு, பிறகு 7.5 சதவீதச் சலுகை கேட்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். கலந்தாய்வு வழியாக, இந்தப் பிரிவில் பெற்ற இடம்தான் கணக்கில் வரும்.

அடுத்து, எந்தப் பிரிவை எடுப்பது என்ற கேள்வி. பேச்சுவழக்கில் ஃபர்ஸ்ட் குரூப் என்று சொல்லப்படும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் பிரிவு மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் வாசலைத் திறந்து வைக்கிறது. அதனால் அதுவே சிறந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணிதத்தில் தடுமாறும் மாணவர் அதை எடுத்துவிட்டு நான்கு பாடத்திலும் சுமாரான மதிப்பெண் பெறுவதைக் காட்டிலும், தாவரவியலும் விலங்கியலும் உள்ள பிரிவில் நன்றாகச் செய்வது நல்லது. கணிதத்தை விட்டால் பொறியியல் கலந்தாய்வின் பெரும்பாலான இடங்கள் மூடப்படும் என்பதை அறிந்தே விட வேண்டும், அவ்வளவுதான்.

பொறியியலுக்கான தரவரிசை மதிப்பெண் (கட்-ஆஃப்) பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்தே கணக்கிடப்படுகிறது. தனி நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100-க்கு அப்படியே எடுக்கப்படும், இயற்பியலும் வேதியியலும் 50-க்குக் குறைக்கப்படும். கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 வாங்கியவரின் கட்-ஆஃப் 92-உடன் 42-ம் 44-ம் சேர்ந்து, 200-க்கு 178. அதே மாணவர் கணிதத்தில் பத்து மதிப்பெண் கூடுதலாக இழந்தால் கட்-ஆஃபில் முழுப் பத்தும் போகும். இயற்பியலில் பத்து இழந்தால் ஐந்துதான் போகும். பதினொன்றில் கணிதத்தை எடுப்பதா என்று யோசிப்பவர் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்ப்பது பயன் தரும்.

நீட் எழுத விருப்பமில்லாத, ஆனால் உயிரியலில் நாட்டமுள்ள மாணவர்களுக்கு அதிகம் பேசப்படாத ஒரு வழி உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குச் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில்தான் நடக்கிறது. அங்கே உயிரியல் மதிப்பெண்ணே பாதி எடை. கோவையிலுள்ள வேளாண் பல்கலைக்கழகமும் நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகமும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே இளநிலைப் படிப்புகளில் சேர்க்கின்றன. ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கோ எந்தப் பிரிவு எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம். வணிகவியலோ வரலாறோ படித்த அரசுப் பள்ளி மாணவருக்கும் 7.5 சதவீதம் பயன்படும் இடம் இது. ஆர்ட்ஸ் குரூப் எடுத்துவிட்டால் ஒதுக்கீடு எதற்கு என்று கேட்கும் ஆசிரியர்களே இருக்கிறார்கள் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊர்ப் பள்ளியில் விரும்பிய பிரிவு இல்லாவிட்டால், அது உள்ள மற்றோர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாறலாம். அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்குச் செல்வதால் தொடர்ச்சி அறுவதில்லை.

இந்த ஒதுக்கீட்டோடு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு திட்டம், விதியும் வேறு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் நாளும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ஆம் நாளும் தொடங்கின. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேர்பவரின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் பணம் வரவு வைக்கப்படும். இதில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் அடங்குவர். தொழிற்கல்வியில் மட்டுமன்றி, கலை அறிவியல் கல்லூரியில் பி.ஏ., பி.எஸ்சி. படிப்பவருக்கும் இது உண்டு. தொலைநிலைக் கல்விக்கு இல்லை. விண்ணப்பம் சேர்ந்த கல்லூரியின் வழியாகவே செல்லும், வேறு உதவித்தொகை பெறுவது தடையாகாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகையும் தனியானது. அதை ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டுமே பெற முடியும். ஆகவே 7.5 சதவீதத்தில் முழுக் கட்டணமும் கிடைக்கக்கூடிய பிள்ளைக்கு அதைச் செலவிட வேண்டுமா, அடுத்தவருக்கு வைத்திருக்க வேண்டுமா என்று வீட்டில் பேசி முடிவெடுப்பது நல்லது.

கடைசியில் எல்லாம் காகிதத்தில் வந்து நிற்கிறது. கிராமத்துப் பிள்ளை ஒருவர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டு வரையும், பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் பத்து வரையும், பேரூர் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டு வரையும் படித்திருப்பது சாதாரணம். ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்த வகுப்பை எந்தப் பள்ளியில் எந்த ஆண்டு படித்தார் என்பதற்குத் தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள படிப்புச் சான்று வேண்டும். பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் எனப்படும் மாணவர் தகவல் பதிவிலும் அதே விவரம் இருக்க வேண்டும். ஒரு பதிவில் முன்னெழுத்து கே. என்றும் இன்னொன்றில் எம். என்றும் இருந்தால், கலந்தாய்வுக்கு முந்தைய வாரத்தில், விடுமுறையில் பூட்டியிருக்கும் நடுநிலைப் பள்ளியின் வாசலில் பெற்றோர் காத்துக் கிடக்க நேரும். பதினொன்றாம் வகுப்பில் சேரும்போதே வகுப்பாசிரியரிடம் எமிஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி, சாதி, படித்த பள்ளிகளின் வரிசை ஆகிய ஐந்தையும் சரிபார்த்து, தவறு இருந்தால் அந்த ஆண்டு முடிவதற்குள் திருத்திக்கொள்ளலாம். ஐயம் இருந்தால் பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.