பிள்ளைகளுக்கான மனநலச் சிகிச்சை: சொந்த மாவட்டத்திலேயே பெறுவதற்கான உரிமையும் வழிமுறையும்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 18-ஆம் பிரிவில், பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு விதி இருக்கிறது. மனநோயால் பாதிக்கப்பட்ட எவரையும், குழந்தைகளையும் முதியோரையும் உட்பட, சிகிச்சைக்காக நெடுந்தூரம் அலைய விடக் கூடாது என்றும், அவர்கள் வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே அந்தச் சேவை கிடைக்க வேண்டும் என்றும் அது அரசுக்குக் கட்டளையிடுகிறது. 2018 மே 29 முதல் இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும், பிள்ளை வாரக்கணக்கில் உறங்காமலும் பேசாமலும் பள்ளிக்குப் போக மறுத்தும் இருக்கும்போது, 'இதற்கெல்லாம் நம் ஊரில் வைத்தியம் ஏது' என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டு, வேண்டுதலோடு நிறுத்திவிடும் குடும்பங்களும், கடன் வாங்கிச் சென்னைக்கோ மதுரைக்கோ பேருந்து ஏறும் குடும்பங்களும் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதப்படுகிறது.

மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் படிக்கும் ஒரு வகுப்பில் ஏறத்தாழ மூன்று பிள்ளைகள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வந்திருப்பது எங்கும் இல்லாத ஒன்றும் அல்ல; உங்கள் வளர்ப்பின் குறையும் அல்ல.

முதலில் யாரிடம் போவது என்பது பிள்ளையின் வயதையும் சிக்கலின் தன்மையையும் பொறுத்தது. பேச்சு தாமதமாகிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, ஓரிடத்தில் அமர முடிவதில்லை, எழுத்துகள் மனத்தில் நிற்பதில்லை என்பன போன்ற வளர்ச்சி தொடர்பான ஐயங்களுக்கு, 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டமே வாயில். பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான இத்திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு, அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறையும் வந்து பரிசோதிக்க வேண்டும். ஐயம் இருக்கும் பிள்ளைகள் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பப்படுவார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இயங்கும் இம்மையத்தில், குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரின் சேவைகளை ஒரே இடத்தில் அளிப்பது திட்டத்தின் நோக்கம். குழு வரும் நாளில் உங்கள் பிள்ளை விடுமுறையில் இருந்திருந்தால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லி, பரிந்துரைச் சீட்டு கேட்கலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அறிவுசார் வளர்ச்சிக் குறைபாட்டை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாகக் கருதவில்லை. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு ஆகியவை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் கீழ் வருகின்றன. அவற்றுக்கான தேர்வுச் சலுகைகளும் அடையாள அட்டையும் தனி வழியில் பெறப்படுபவை. ஒரே பிள்ளைக்கு இரண்டு சட்டங்களின் பயனும் தேவைப்படலாம் என்பதால், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

அச்சம், நீடித்த சோர்வு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், போதைப் பழக்கம், பிறருக்குக் கேட்காத குரல்கள் தனக்குக் கேட்பதாகச் சொல்லுதல் போன்றவற்றுக்கு, மாவட்ட மனநலத் திட்டத்தை அணுக வேண்டும். 1982-இல் உருவான தேசிய மனநலத் திட்டத்தின் பகுதியாக 1996-இல் தொடங்கிய இத்திட்டம், மனநல மருத்துவரையும் உளவியலாளரையும் சமூகப் பணியாளரையும் கொண்ட ஒரு குழுவை மாவட்டத்துக்கு அளிக்கிறது. இக்குழு மாவட்டத் தலைமையிடத்தோடு நின்றுவிடாமல், குறித்த நாள்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் செல்கிறது. எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'மனநல மருத்துவர் இங்கே எந்தக் கிழமை வருகிறார்?' என்பதே. அந்தக் கிழமை தெரியாமல் மூன்று முறை வந்து திரும்பிய தாய் நான்காம் முறை வருவதில்லை. எளிதில் தவிர்க்கக்கூடிய இழப்பு இது. அந்த நாளைப் புறநோயாளிகள் பிரிவின் வாசலிலும், ஊரிலுள்ள பள்ளிகளின் அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைத்தாலே எத்தனையோ பிள்ளைகள் சிகிச்சைக்குள் வந்துவிடுவார்கள்.

அந்த நாள் வரை காத்திருக்க இயலாத நிலையில் 14416 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் கேட்பார். தேவைப்பட்டால் மருத்துவரிடம் இணைப்பார் அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு வழிகாட்டுவார். பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால், அதை வெறும் மிரட்டல் என்று ஒதுக்கிவிடாமல், தனியே விடாமல் உடனிருந்து, உடனே இந்த எண்ணை அழையுங்கள். ஆபத்து நெருங்கிவிட்டதாகத் தோன்றினால் 108-ஐ அழையுங்கள். அத்தகைய முயற்சியில் ஈடுபட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், வழக்குத் தொடுத்துத் தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்வதால், காவல்துறைக்கு அஞ்சி எவரும் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டாம். வீட்டிலோ வெளியிலோ பிள்ளை கொடுமைக்கு ஆளாகிறது என்றால் அழைக்க வேண்டியது 1098.

கல்வி நிலையங்களின் கடமையும் இப்போது தெளிவாகியிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவி இறந்த வழக்கில், 2025 ஜூலை 25 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உரிய சட்டம் இயற்றப்படும் வரை நாடு முழுவதற்கும் பொருந்தும் 15 நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவரேனும் இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சி அளிக்க வேண்டும். மதிப்பெண்ணைக் கொண்டு மாணவர்களைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிக்கும் வழக்கத்தைத் தவிர்க்க வேண்டும். பள்ளி, கல்லூரி மட்டுமல்லாமல் தனிப்பயிற்சி மையங்களுக்கும் விடுதிகளுக்கும் இவை பொருந்தும். ஆகையால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில், பள்ளியின் ஆலோசகர் யார், பிள்ளை அவரை எப்போது தனியாகச் சந்திக்கலாம் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. கல்லூரிகளில், 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மனம்' என்னும் மனநல நல்லாதரவு மன்றம் இதே நோக்கத்துக்கானது.

மருத்துவமனையில் சேர்ப்பது என்ற பேச்சு எழும்போதுதான் பெற்றோர் பெரிதும் கலங்குகிறார்கள். சட்டம் மிகுந்த அக்கறையோடு எழுதப்பட்டிருப்பதும் இந்த இடத்தில்தான். 87-ஆம் பிரிவின்படி, 18 வயது நிறையாத ஒருவரை உள்நோயாளியாகச் சேர்ப்பது அப்பிரிவு வகுத்துள்ள நடைமுறைப்படி மட்டுமே நடக்க வேண்டும். இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் வேறொரு மனநல வல்லுநரும், அல்லது ஒரு மனநல மருத்துவரும் வேறொரு மருத்துவரும், சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாள்களுக்குள்ளோ பிள்ளையைத் தனித்தனியே பரிசோதித்து, சேர்க்க வேண்டிய அளவுக்கு நோய் கடுமையாக இருக்கிறது, சேர்ப்பது பிள்ளையின் நலனுக்கு உகந்தது, வெளியிலிருந்தே சிகிச்சை அளிக்கும் வழிகள் பயன்படவில்லை அல்லது பொருந்தவில்லை என்ற முடிவுக்கு ஒவ்வொருவரும் வந்திருக்க வேண்டும். பிள்ளையின் விருப்பத்தை அறிய முடியுமானால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சேர்த்த பின் பிள்ளையைப் பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. வயதுக்கும் வளர்ச்சிக்கும் ஏற்ற தனி இடம் தர வேண்டும். பொறுப்பாளரான பெற்றோரோ அவர்கள் அமர்த்தும் துணையாளரோ சிகிச்சைக் காலம் முழுவதும் உடன் தங்கியிருக்க வேண்டும். பெண் பிள்ளைக்குப் பொறுப்பாளர் ஆண் என்றால் துணைக்குப் பெண் ஒருவரை அமர்த்த வேண்டும். 'நீங்கள் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வாருங்கள்' என்று எவரேனும் சொன்னால், அது இந்தப் பிரிவுக்கு முரணானது. சிகிச்சை பொறுப்பாளரின் ஒப்புதலோடுதான் நடக்க வேண்டும். அவர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சேர்க்கை பற்றி 72 மணி நேரத்துக்குள், இச்சட்டத்தின் கீழ் முறையீடுகளை விசாரிக்கும் மனநல சீராய்வு மன்றத்துக்கு மருத்துவமனை தெரிவிக்க வேண்டும்; 30 நாள்களைக் கடந்தால் மன்றமே அதை மறுஆய்வு செய்யும். மூளைக்கு மின்சாரம் செலுத்தும் மின்னதிர்வுச் சிகிச்சையைச் சிறார்க்கு அளிக்க 95-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. மருத்துவர் அவசியம் என்று கருதினாலும், பாதுகாவலரின் ஒப்புதலும் மன்றத்தின் முன் அனுமதியும் இன்றிச் செய்ய இயலாது. எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேரைத் தீக்குப் பலிகொடுத்த மாநிலம் நம்முடையது என்பதால், அந்த வரியை நாம் வெறும் சட்ட வாசகமாக வாசித்துவிட முடியாது.

செலவைப் பொறுத்தவரை, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அரசு மனநல நிலையங்களில் சிகிச்சை முற்றிலும் இலவசம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலுள்ள அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் எல்லோருக்கும் எப்போதும் விலையின்றிக் கிடைக்க வேண்டும். தனியார் காப்பீட்டு நிறுவனங்களும் உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 21-ஆம் பிரிவு கூறுகிறது.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சம், பெண் பிள்ளைகளைப் பெற்றோரிடம் கூடுதலாகவே இருக்கிறது. அது நியாயமற்ற அச்சம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நோய் பற்றிய செய்திகளை மறைவாகக் காப்பது சிகிச்சை அளிப்போரின் கடமை என்று 23-ஆம் பிரிவு விதிக்கிறது. நோயாளியின் படத்தையோ விவரத்தையோ ஒப்புதலின்றி ஊடகத்துக்குத் தரக் கூடாது. முன்பொரு காலத்தில் சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் கொண்டு ஒருவர் இன்றும் மனநோயாளிதான் என்று முடிவு செய்யக் கூடாது என்பதும் சட்டமே சொல்வது.

இனி, கேட்டும் கிடைக்காதபோது செய்ய வேண்டியது. அரசு தர வேண்டிய குறைந்தபட்ச மனநலச் சேவைகளின் பட்டியலில் குழந்தைகளுக்கான மனநலச் சேவையை 18-ஆம் பிரிவு தனியே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அது ஒரு மாவட்டத்தில் இல்லாவிட்டால், அந்த மாவட்டத்தில் உள்ள வேறு மனநல நிலையத்தில் சிகிச்சை பெறலாம், செலவை அரசு ஏற்க வேண்டும் என்கிறது. குழந்தை மனநலத்தில் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கும் இன்றைய நிலையில், இந்தச் சட்டத்தின் மிக வலுவான விதியும் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் விதியும் இதுவே என்பது என் கருத்து. வாய்மொழிக் குறைகள் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. எழுதிக் கொடுத்தால்தான் ஒரு மாவட்டத்துக்கு இன்னொரு உளவியலாளர் வேண்டும் என்பதற்குச் சான்று உருவாகும்.

ஆகவே முதலில் மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் முறையிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பதிலில் நிறைவில்லை என்றால் மனநல சீராய்வு மன்றத்துக்கும், அதன் பின் மாநில மனநல ஆணையத்துக்கும் செல்லலாம். மாவட்ட நீதிபதியோ அதற்கு இணையான தகுதியுடையவரோ தலைமை வகிக்கும் மன்றத்தில், மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதியும் மருத்துவர் இருவரும், மனநோயை அனுபவித்து அறிந்தோர், அவர்களைப் பராமரிப்போர், தொண்டு நிறுவனப் பிரதிநிதிகள் ஆகியோரிலிருந்து இருவரும் இடம்பெறுவார்கள். மனுவுக்குக் கட்டணம் இல்லை. சிறாரின் சேர்க்கையை எதிர்க்கும் மனுவை ஏழு நாள்களுக்குள்ளும், பொதுவான முறையீடுகளை 90 நாள்களுக்குள்ளும் முடிக்க வேண்டும். விசாரணை மூடிய அறையில் நடப்பதால் பிள்ளையின் பெயர் வெளியே வராது. மனுவில் பிள்ளையின் வயது, எந்தெந்த நாள்களில் எந்த மருத்துவமனைக்குச் சென்றீர்கள், அங்கே என்ன சொன்னார்கள், அடுத்துப் போகச் சொன்ன இடம் எத்தனை கிலோமீட்டர் தொலைவு என்பவற்றை எழுதி, புறநோயாளிச் சீட்டுகளின் நகல்களை இணையுங்கள். எழுத உதவி தேவை என்றால், 27-ஆம் பிரிவு தரும் இலவசச் சட்ட உதவியை உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரிலோ 15100 என்ற எண்ணிலோ கேட்டுப் பெறலாம்.